வைஃபையில் அழைப்பு வெட்டுகிறதா, வேகம் விழுகிறதா: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அலுவலகத்தில் வீடியோ அழைப்பு வெட்டி வெட்டி வருகிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் நடப்பது இரண்டு. ஒன்று, இன்டர்நெட் பிளானை உயர்த்துவார்கள். இல்லையென்றால் ரவுட்டரில் கியூஓஎஸ் என்றிருக்கும் இடத்தில் டிக் போட்டுவிடுவார்கள். முதலாவதால் பல இடங்களில் பலன் இருக்காது. இரண்டாவது சில இடங்களில் நிலைமையை இன்னும் கெடுத்துவிடும்.

கியூஓஎஸ் செய்வதெல்லாம் வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று முடிவெடுப்பதுதான். வைஃபையில் உண்மையான தட்டுப்பாடு ஏர்டைமுக்கு, அதாவது காற்றில் பேசக் கிடைக்கும் நேரத்துக்கு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். பக்கத்து வீட்டுக் கருவியும் அந்தக் கணக்கில் அடக்கம். முன்னுரிமை கொடுப்பதால் ஒரு மைக்ரோசெகண்ட் ஏர்டைம்கூட அதிகரிக்காது. எனவே ஏர்டைம் எங்கே வீணாகிறது, பாக்கெட் எங்கே தேங்குகிறது என்ற இரண்டையும் சரிசெய்த பிறகுதான் பாக்கெட்டுக்கு முன்னுரிமைக் குறி போடுவதில் அர்த்தம் உண்டு.

எட்ட வேண்டிய அளவுகள்: குரலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் (ஐடியூ-டி ஜி.114 பரிந்துரை), ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிசெகண்டுக்குள், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள்.

முதலில்: கோளாறு எந்தப் பக்கம்?

இதற்கு இரண்டு லேப்டாப், ஒரு லேன் கேபிள், கேபிளில் இணைத்த இன்னொரு கணினி ஆகியவை போதும். அந்தக் கணினியில் ஐபெர்ஃப்3 (உள்ளூர் நெட்வொர்க்கின் வேகத்தை அளக்கும் நிரல்) சர்வரை ஓட விடுங்கள்.

1. லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, கேபிளில் உள்ள கணினிக்கு 100 பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு பாக்கெட்) அனுப்புங்கள். இன்னொரு ஜன்னலில் அதே நேரம் இன்டர்நெட்டில் உள்ள 8.8.8.8க்கும் (கூகுளின் டிஎன்எஸ் சர்வர்) அனுப்புங்கள். ரவுட்டருக்கு பிங் அனுப்பி முடிவுக்கு வராதீர்கள். சிபியூ நெருக்கடியில் இருக்கும் ரவுட்டர் பிங்குக்குத் தாமதமாகத்தான் பதில் தரும்.
2. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கேபிளில் உள்ள கணினியிலிருந்து இன்டர்நெட்டுக்கு ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்யுங்கள். உள்ளூர் பிங் அப்படியே இருந்து 8.8.8.8 மட்டும் ஏறினால் கோளாறு இன்டர்நெட் இணைப்பில். அறிகுறி 1க்குப் போங்கள்.
3. அப்லோடை நிறுத்திவிட்டு, வைஃபையில் உள்ள வேறொரு லேப்டாப்பிலிருந்து ஐபெர்ஃப்3-ஐ 30 நொடி ஓட்டுங்கள். பிறகு ரிவர்ஸ் முறையிலும் ஒருமுறை ஓட்டுங்கள். உள்ளூர் பிங்கே 2–5 மில்லிசெகண்டிலிருந்து 100க்கு மேல் தாவினால் கோளாறு வைஃபையில். அறிகுறி 3.

கேபிளில் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் 94 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நின்றால் வேறெதையும் தொடாதீர்கள். எங்கோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கிறது, அல்லது கேபிளின் நான்கு ஜோடிகளில் ஒன்று அறுந்து கிகாபிட் இணைப்பு 100க்கு இறங்கியிருக்கிறது. வைஃபை சிக்னல் தரும் பெட்டியான ஆக்சஸ் பாயின்டுக்குப் போகும் கேபிளில், அதுவும் கையால் கிரிம்ப் செய்த முனைகளில், இது சகஜம். அடுத்த அரை நாளை வைஃபை அமைப்புகளில் தொலைப்பதற்கு முன் ஸ்விட்சின் போர்ட் விளக்கைப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 1: ஒருவர் ஃபைல் ஏற்றினால் எல்லோருடைய அழைப்பும் கெடுகிறது

சும்மா இருக்கும்போது 12 மில்லிசெகண்ட் காட்டும் பிங், அப்லோடு தொடங்கியதும் 400, 800 என்று ஏறுகிறது. ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் பஃபர்புளோட் என்று பெயரிட்ட கோளாறு இதுதான். இணைப்பு தாங்காத அளவு பாக்கெட் வரும்போது, அதைக் கீழே போட வேண்டிய பெட்டி போடாமல் சேர்த்துவைக்கிறது. ஃபைபர் இணைப்பு வந்து முடியும் ஓஎன்டி பெட்டியில் 1 மெகாபைட் பஃபர், அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். 80 லட்சம் பிட்டுகளை நொடிக்கு ஒரு கோடி பிட் வேகத்தில் வெளியேற்ற 0.8 நொடி ஆகும். அழைப்பின் 200 பைட் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. ஓஎன்டிக்குள் இருக்கும் அந்த வரிசையை உங்களால் தொட முடியாது. அதனால் வரிசை அங்கே சேராமல், உங்கள் ரவுட்டருக்குள்ளேயே சேரும்படி செய்ய வேண்டும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி (லினக்ஸ் அடிப்படையிலான திறந்த மென்பொருள்) ஓடும் ரவுட்டரில், வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவிச் செய்ய வேண்டியவை:

1. கேபிளில், இரவு 8 முதல் 10 மணிக்குள் மூன்று முறை ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். சராசரி வேண்டாம், குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசல் நேரத்தில் கிடைக்காத வேகத்தை எழுதிவைத்தால் வரிசை மறுபடி ஓஎன்டிக்கே போய்விடும்.
2. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பு என்றால் வான் (இன்டர்நெட்) பக்கத்து பிபிபிஓஇ இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். அடியில் இருக்கும் ஈதர்நெட் போர்ட்டை அல்ல.
3. இரு திசைக்கும் அந்த எண்ணில் 85 சதவீதம் கொடுங்கள். கீழிறங்கும் வேகம் 92, மேலேறுவது 88 என்றால் 78, 75.
4. கியூ டிசிப்ளினில் கேக், ஸ்கிரிப்டில் பீஸ் ஆஃப் கேக். லிங்க் லேயரில் ஈதர்நெட், ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் கூடச் செல்லும் தலைப்பு) 44 பைட். ஓவர்ஹெட் சற்றுக் கூடுதலாக இருந்தால் கொஞ்சம் வேகம் போகும், அவ்வளவுதான். குறைவாக இருந்தால் சிறிய பாக்கெட்டுகள் நிறைய ஓடும் நேரத்தில், அதாவது பலர் அழைப்பில் இருக்கும் நேரத்தில், கணக்குத் தப்பிவிடும்.
5. மறுபடி அப்லோடு, மறுபடி பிங். ஏற்றம் 15–20 மில்லிசெகண்டுக்குள் அடங்கினால் 3 சதவீதம் வீதம் உயர்த்திக்கொண்டே போங்கள். பிங் ஏறத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு படி பின்வாங்குங்கள்.

டவுன்லோடு திசையில் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். வந்து சேர்ந்துவிட்ட பாக்கெட்டைத்தான் அங்கே கட்டுப்படுத்துகிறோம். சிலதைக் கீழே போட்டால்தான் அனுப்புகிற சர்வர் வேகத்தைக் குறைக்கும், அதற்குக் கொஞ்சம் நேரமும் பிடிக்கும்.

இந்த வேலையைச் செய்யும் எஃப்க்யூ-கோடெல், கேக் இரண்டும் ஒவ்வொரு இணைப்பையும் தனி வரிசையாகப் பிரித்துக்கொள்கின்றன. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 100 மில்லிசெகண்ட் முழுக்கக் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் பாக்கெட்டைக் கீழே போடத் தொடங்கும். 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்று மெல்லிதாக வரும் குரல் பாக்கெட், யாரும் முன்னுரிமைக் குறி போடாமலேயே முன்னால் போய்விடும். ஆகவே எஸ்க்யூஎம் போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். முப்பது பேர் இருக்கும் அலுவலகத்தில்கூட வேறு எந்த முன்னுரிமையும் தேவைப்படாமல் போகலாம்.

ஒரே கருவி நூறு இணைப்பு திறந்து எல்லாவற்றையும் விழுங்குகிறது என்றால் கேக்கின் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட் (மேலேறும் திசை), டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட் (கீழிறங்கும் திசை) விருப்பங்களோடு நேட் (ஒரே பொது முகவரியைப் பல கருவிகள் பகிரும் முறை) என்பதையும் சேருங்கள். பங்கு இணைப்புக்கு என்றில்லாமல் கருவிக்கு என்று பிரியும்.

இன்டர்நெட்டே 4ஜி, 5ஜி சிம் வழியாக வந்தால் நிலையான எண் நிற்காது. டவரின் நெரிசலுக்கு ஏற்ப வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அங்கே கேக்-ஆட்டோரேட் ஸ்கிரிப்டைப் போடலாம். அது முடியாவிட்டால் நாளின் மிக மோசமான நேரத்து வேகத்தை எழுதிவிட்டு, மற்ற நேரத்தில் கொஞ்சம் வேகம் வீணாவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி 2: எஸ்க்யூஎம் போட்டும் ஒன்றும் மாறவில்லை, அல்லது வேகம் பாதியானது

ஒன்றுமே மாறவில்லை என்றால் பாக்கெட்டுகள் வரிசைக்குள் நுழையாமல் ஓடுகின்றன. ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் ஆன் ஆகியிருக்கும், அணைத்துவிடுங்கள். மைக்ரோடிக் என்றால் ஃபாஸ்ட்டிராக் விதியைப் பாருங்கள்: ஃபாஸ்ட்டிராக்கில் போகும் இணைப்பு சிம்பிள் கியூவைத் தொடாது, குளோபல் என்று பேரன்ட் வைத்த கியூ ட்ரீயையும் தொடாது.

வேகம் பாதியானால் சிபியூ போதவில்லை என்று பொருள். ஸ்பீட் டெஸ்ட் ஓடும்போது ரவுட்டரில் டாப் கட்டளையைப் பாருங்கள். ஐடில் பூஜ்யத்துக்கு இறங்கி, எஸ்ஐஆர்க்யூ என்ற எண் உச்சத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். கேக்கை எடுத்துவிட்டு எஃப்க்யூ-கோடெலும் சிம்பிள் ஸ்கிரிப்டும் போட்டால் சுமை குறையும். அதுவும் போதாவிட்டால் ஆர்ம் சிபியூ உள்ள ரவுட்டர் வாங்குவதுதான் வழி. 300 எம்பிபிஎஸ் பிளானை நெரிசலில் 800 மில்லிசெகண்ட் தாமதத்தோடு வைத்திருப்பதைவிட, 150 எம்பிபிஎஸ்ஸில் 20 மில்லிசெகண்ட் தாமதத்தோடு வைத்திருப்பது முப்பது பேருக்கும் நல்லது.

அறிகுறி 3: கேபிளில் சரி, வைஃபையில் மட்டும் எல்லோருக்கும் மந்தம்

ஆக்சஸ் பாயின்டின் கிளையன்ட் பட்டியலைத் திறந்து, இணைப்பு வேகம் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். எல்லோரும் 200, 400 என்று இருக்கும்போது ஒரு கருவி மட்டும் 6 எம்பிபிஎஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தால் மந்தத்துக்குக் காரணம் அதுதான்.

54 எம்பிபிஎஸ் கருவி ஒன்றும் 6 எம்பிபிஎஸ் கருவி ஒன்றும் இருக்கும்போதைய கணக்கைப் பாருங்கள். 1500 பைட் பாக்கெட் என்பது 12,000 பிட். 54 எம்பிபிஎஸ்ஸில் அதை அனுப்ப 222 மைக்ரோசெகண்ட், 6 எம்பிபிஎஸ்ஸில் 2,000 மைக்ரோசெகண்ட். வைஃபையின் அடிப்படை விதி ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று வாய்ப்பைப் பங்கிடுகிறது, நேரத்தை அல்ல. ஆக 2,222 மைக்ரோசெகண்டுக்கு ஆளுக்கு 12,000 பிட், அதாவது இருவருக்கும் 5.4 எம்பிபிஎஸ். வேகமான கருவியும் மெதுவான கருவியின் அளவுக்கு இறங்கிவிட்டது. முன்னுரிமை எதுவும் இதைச் சரிசெய்யாது.

செய்ய வேண்டியவை:

ஏர்டைம் ஃபேர்னஸ் விருப்பம் இருந்தால் போடுங்கள். லினக்ஸில் ஏடிஎச்9கே, ஏடிஎச்10கே, எம்டி76 டிரைவர்களில் இது உண்டு. ஆனால் ஆக்சஸ் பாயின்ட் அனுப்பும் திசையில்தான் இதன் பிடி இறுக்கம். கருவி அனுப்பும் திசையில் குறைவு.

குறைந்தபட்ச வேகத்தை உயர்த்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 2, 5.5, 11 ஆகிய பழைய வேகங்களை நீக்கிவிட்டு 6 அல்லது 12 எம்பிபிஎஸ்ஸைக் குறைந்தபட்ச பேசிக் ரேட்டாக வையுங்கள். இதன் பலன் மெதுவான கருவியோடு நிற்பதில்லை. ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் (வைஃபை பெயர்) 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு பீக்கன் (நான் இருக்கிறேன் என்ற அறிவிப்பு) போகிறது, அதுவும் மிகக் குறைந்த பேசிக் ரேட்டில். 300 பைட் பீக்கன் 1 எம்பிபிஎஸ்ஸில் சுமார் 2.6 மில்லிசெகண்ட். ஸ்டாஃப், கெஸ்ட், சிசிடிவி, பிரின்டர், மேனேஜ்மென்ட் என்று ஐந்து பெயர் வைத்திருந்தால் 13 மில்லிசெகண்ட். யாரும் ஒரு பைட்கூட அனுப்பாதபோதே ஏர்டைமில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. 6 எம்பிபிஎஸ்ஸில் அதே பீக்கனுக்கு அரை மில்லிசெகண்ட்கூட ஆகாது. பெயர்களையும் மூன்றுக்குள் அடக்குங்கள். பிரிக்க வேண்டும் என்றால் விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) போதும். மிகப் பழைய பார்கோடு ஸ்கேனரோ ஸ்மார்ட் பிளக்கோ இருந்தால் மாற்றத்துக்குப் பிறகு அது இணைகிறதா என்று சோதியுங்கள், 802.11பி மட்டும் தெரிந்த கருவி காணாமல் போய்விடும்.

சேனல்: 2.4இல் 1, 6, 11 மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அடுக்குமாடிக் கட்டிடத்தில் அங்கே 40 போடுவது பக்கத்து வீட்டுக்கும் கேடு, உங்களுக்கும் கேடு. 5 கிகாஹெர்ட்ஸில் 80 போட்டு வேகம் ஏறி இறங்கினால் 40க்கு வாருங்கள். அகலம் இரட்டிக்கும்போதெல்லாம் இரைச்சல் 3 டிபி கூடும், தூரத்துக் கருவிதான் முதலில் அடிவாங்கும்.

இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஓஎன்டியின் சொந்த வைஃபை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆக்சஸ் பாயின்டுக்கு அருகிலேயே, பெரும்பாலும் அதே சேனலில், யாரும் பயன்படுத்தாத ஒரு பெயரை அது ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும்.

சேனல் யூட்டிலைசேஷன் எண்ணையும் ஒரு வேலை நாள் முழுக்கக் கவனியுங்கள். 50 சதவீதத்தைத் தாண்டினாலே குரல் தடுமாற வாய்ப்பு உண்டு. உங்கள் கருவிகள் சும்மா இருக்கும்போதும் அது 40ஐக் காட்டினால் ஏர்டைமைத் தின்பது அக்கம்பக்கம், சேனலை மாற்றுங்கள்.

அறிகுறி 4: முன்னுரிமை போட்டாயிற்று, குரல் இன்னும் தடுமாறுகிறது

இங்கே நிதானமாகப் போக வேண்டும். முன்னுரிமைக் குறி வழியில் நான்கு இடங்களில் தொலையலாம்.

முதல் இடம் வைஃபையேதான். அதில் நான்கு வரிசைகள் உண்டு: வாய்ஸ், வீடியோ, பெஸ்ட் எஃபர்ட், பேக்ரவுண்ட். எந்த வரிசை என்பதை 0 முதல் 7 வரையிலான யூசர் பிரையாரிட்டி எண் சொல்கிறது. 6, 7 என்றால் வாய்ஸ். 4, 5 வீடியோ. 0, 3 பெஸ்ட் எஃபர்ட். 1, 2 பேக்ரவுண்ட். ஐபி பாக்கெட்டில் இருப்பதோ டிஎஸ்சிபி என்ற ஆறு பிட் எண். பல கருவிகள் அதன் முதல் மூன்று பிட்டை மட்டும் வெட்டியெடுத்து யூசர் பிரையாரிட்டி ஆக்கிவிடுகின்றன.

குரலுக்குரிய டிஎஸ்சிபி 46. இருமத்தில் 101110. முதல் மூன்று பிட் 101, அதாவது 5. குரல் வீடியோ வரிசைக்குப் போய்விட்டது. இதாவது தாங்கும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் பரிந்துரைப்படி திரைப் பகிர்வுக்கு டிஎஸ்சிபி 18. இருமத்தில் 010010, முதல் மூன்று பிட் 010, அதாவது 2. அது பேக்ரவுண்ட் வரிசை. முன்னுரிமை கொடுக்கிறோம் என்று நினைத்துக் குறி போட்ட திரைப் பகிர்வு, குறியே போடாத சாதாரண பிரவுசிங்குக்கும் பின்னால் நிற்கிறது. குரல் தெளிவாக இருந்து திரை மட்டும் உறைந்து உறைந்து வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 இதைத் திருத்துகிறது: 46ஐ 6க்கும், 18ஐ 3க்கும் அனுப்பச் சொல்கிறது. ஆக்சஸ் பாயின்டில் டிஎஸ்சிபி மேப் அல்லது கியூஓஎஸ் மேப் என்றிருக்கும் அட்டவணையில் இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். கியூஓஎஸ் மேப்பை ஆதரிக்கும் கருவிகளுக்கு ஆக்சஸ் பாயின்டே இந்த அட்டவணையைச் சொல்லிவிடும். ஆதரிக்காத கருவி மேலேறும் திசையில் தன் வழக்கப்படியே அனுப்பும்.

இரண்டாவது இடம், விண்டோஸ். டீம்ஸ் தானாகக் குறி போடாது. அட்மின் சென்டரில் கியூஓஎஸ் மார்க்கரை ஆன் செய்து, போர்ட் வரம்புகளையும் கொடுக்க வேண்டும்: குரல் 50000–50019, வீடியோ 50020–50039, பகிர்வு 50040–50059. பிறகு குரூப் பாலிசியில் இந்த சோர்ஸ் போர்ட்டுகளுக்கு முறையே 46, 34, 18. டொமைனில் சேராத லேப்டாப்பில் இந்தப் பாலிசி சத்தமே இல்லாமல் செயலற்றுக் கிடக்கும். ரெஜிஸ்ட்ரியில் டிசிபிஐபி சர்வீஸின் கீழ் கியூஓஎஸ் என்ற கீ உருவாக்கி, அதில் 'டூ நாட் யூஸ் என்எல்ஏ' என்ற ஸ்ட்ரிங்குக்கு மதிப்பு 1 கொடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மூன்றாவது இடம் ஸ்விட்ச். டிஎஸ்சிபியை நம்பும்படி, அதாவது டிரஸ்ட் டிஎஸ்சிபி என்று, போர்ட்டை அமைக்காவிட்டால் சில ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடும்.

நான்காவது இடத்தைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். இன்டர்நெட்டிலிருந்து வரும் பாக்கெட்டில் டிஎஸ்சிபி பெரும்பாலும் 0. வழியில் உள்ள நெட்வொர்க்குகள் அழித்துவிடுகின்றன. அழிக்காமல் விடச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஆகவே எதிர்முனையில் இருப்பவரின் குரல் உங்கள் ஆக்சஸ் பாயின்டுக்கு வரும்போது சாதாரண டவுன்லோடோடு சேர்ந்து பெஸ்ட் எஃபர்ட்டில் நிற்கிறது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவதுதான் எனக்கு வெட்டுகிறது என்று சொல்பவர்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான். தீர்வு: ரவுட்டரின் ஃபார்வர்ட் செயினில், உள்நோக்கி வரும் யூடிபி பாக்கெட்டின் டெஸ்டினேஷன் போர்ட் 50000–50019 என்றால் டிஎஸ்சிபி 46 போடும் விதி ஒன்று. அந்த இடத்துக்கு வரும்போது நேட் பிரிந்து, கருவியின் உண்மையான போர்ட் தெரியும். கேக்கின் டவுன்லோடு வரிசை இந்தக் குறியைப் பார்க்காது, அது இதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பரவாயில்லை, இது வைஃபை வரிசைக்காகப் போடும் குறி.

எல்லாம் போட்ட பிறகு நம்பிக்கையில் விட்டுவிடாதீர்கள். மானிட்டர் மோடில் (காற்றில் போகும் எல்லா ஃபிரேமையும் பிடிக்கும் நிலை) வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு நிரலை ஓட்டி, அழைப்பில் இருக்கும் லேப்டாப்பின் மேக் முகவரியை வடிகட்டுங்கள். பாக்கெட்டின் உள்ளடக்கம் என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் கியூஓஎஸ் கன்ட்ரோல் புலம் திறந்தே இருக்கும். அதில் டிஐடி (யூசர் பிரையாரிட்டி எண் இருக்கும் இடம்) 6 என்றால் குரல் சரியான வரிசையில் போகிறது. 5 என்றால் அட்டவணை தவறு. 0 என்றால் குறி வழியிலேயே தொலைந்தது. எந்தத் திசையில் 0 என்பதை வைத்து மேலே சொன்ன நான்கு இடங்களில் எது என்று கண்டுபிடிக்கலாம்.

அறிகுறி 5: முன்னுரிமை போட்டதும் மொத்த வேகம் சரிந்தது

இதற்கு இரண்டு காரணங்கள் முக்கியம்.

முதலாவது, வைஃபையின் நான்கு வரிசைகளை இயக்கும் டபிள்யூஎம்எம் அணைந்திருக்கிறது. கேமுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அணைத்திருப்பார்கள். 802.11என் முதற்கொண்டு உள்ள வேகங்களுக்கு டபிள்யூஎம்எம் கட்டாயம். அணைத்தால் இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸில் முட்டி நிற்கும். ஆன் செய்யுங்கள், மறுபடி தொடாதீர்கள்.

இரண்டாவது, எல்லாவற்றையும் வாய்ஸில் தள்ளியிருக்கிறார்கள். எம்டியின் லேப்டாப்புக்கு ஹையஸ்ட் என்று போட்டால் அவருடைய ஓஎஸ் அப்டேட்டும் கிளவுட் பேக்கப்பும்கூட வாய்ஸ் வரிசையில் ஓடும். வாய்ஸ் வரிசை பெரிய டேட்டாவுக்காக வடிவமைத்ததல்ல. பெஸ்ட் எஃபர்ட்டில் பல பாக்கெட்டுகளை ஒரே ஃபிரேமாகத் தொகுத்து, ஒரே பிரியாம்பிள், ஒரே அக்னாலெட்ஜ்மென்ட்டோடு அனுப்புகிறார்கள். நவீன வைஃபையின் வேகமெல்லாம் அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. வாய்ஸில் பல டிரைவர்கள் தொகுப்பதே இல்லை. லினக்ஸில் வைஃபை வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியான மின்ஸ்ட்ரல் அந்த வரிசையைத் தெரிந்தே விலக்குகிறது.

தொகுக்காவிட்டால் என்ன நஷ்டம்? ஜி.711 குரல் பாக்கெட் 200 பைட். 54 எம்பிபிஎஸ்ஸில், வைஃபை தலைப்புகளையும் சேர்த்து, டேட்டா காற்றில் இருக்கும் நேரம் 40 மைக்ரோசெகண்ட் அளவுதான். காத்திருப்பு, பிரியாம்பிள், அக்னாலெட்ஜ்மென்ட் எல்லாம் கூட்டினால் சுமார் 150. முக்கால் பங்கு வெறும் சடங்கு. ஓர் அழைப்புக்கு இரு திசையிலும் நொடிக்கு 100 பாக்கெட், ஆக 15 மில்லிசெகண்ட், அதாவது ஏர்டைமில் 1.5 சதவீதம். குரலுக்கு இந்த விலையைக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். பேக்கப்புக்குக் கொடுத்தால் சேனலின் நேரமெல்லாம் தீர்ந்துவிடும். அதே அழைப்பு 6 எம்பிபிஎஸ் கருவியில் ஓடினால் ஏறக்குறைய 4.7 சதவீதம் என்பதையும் கவனியுங்கள். அறிகுறி 3ஐ முதலில் சரிசெய்யச் சொல்வது இதனால்தான்.

மோதலும் கூடும். காத்திருக்கும் ஸ்லாட்டை ஒவ்வொரு கருவியும் குலுக்கல் முறையில் எடுக்கிறது. பெஸ்ட் எஃபர்ட்டில் முதல் முயற்சிக்கு 0 முதல் 15 வரை, வாய்ஸில் 0 முதல் 3 வரை மட்டும். மோதிய பிறகும் வாய்ஸின் உச்சம் 7தான், பெஸ்ட் எஃபர்ட்டில் அது 1023 வரை விரியும். இரண்டு பேருக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். பத்துக் கருவிகள் ஓயாமல் அனுப்பினால், நான்கு நாற்காலிக்குப் பத்துப் பேர் பாய்ந்த கதைதான். மோதல், மறு அனுப்பல், மறுபடி மோதல். வாய்ஸுக்காக ஒதுக்கிய வரிசை வாய்ஸுக்கே உதவாமல் போகும்.

எனவே குறி கருவிக்கு வேண்டாம், போர்ட்டுக்கு அல்லது செயலிக்கு மட்டும் போடுங்கள். வாய்ஸில் குரல் தவிர எதுவும் போகக் கூடாது. வீடியோவை வீடியோவில் விடுங்கள். பேக்கப், அப்டேட், சிசிடிவி பதிவேற்றம் போன்றவற்றை டிஎஸ்சிபி 8 போட்டு பேக்ரவுண்டுக்கு இறக்குங்கள். அவசரமில்லாததைக் கீழே இறக்குவதுதான் பாதுகாப்பான முன்னுரிமை. அதில் பாழாக எதுவும் இல்லை. இந்த ஸ்லாட், டிஎக்ஸ்ஓபி (ஒருமுறை காற்றைப் பிடித்திருக்கும் நேரம்) எண்களைக் கையால் மாற்றும் வசதி சில ஆக்சஸ் பாயின்டுகளில் உண்டு. விட்டுவிடுங்கள்.

ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: தொகுப்பு தாமதத்தைக் கொண்டுவரும். ஒரு தொகுத்த ஃபிரேம் 5 மில்லிசெகண்ட் வரை காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரே சேனலில் பத்துப் பேர் மும்முரமாக டவுன்லோடு செய்தால் ஒரு சுற்று வர 50 மில்லிசெகண்ட். ஆள் கூடும்போது இன்னொரு ஆக்சஸ் பாயின்டை வேறு சேனலில், கேபிள் இழுத்து வைப்பதுதான் வழி. கேபிள் இல்லாத மெஷ், ஒரே ரேடியோவில் ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு முறை காற்றில் அனுப்பி ஏர்டைமைப் பாதியாக்கும்.

அறிகுறி 6: நடந்துகொண்டே பேசினால் துண்டிக்கிறது

ஆக்சஸ் பாயின்டின் பவர் அதிகம். 23 டிபிஎம்மில் (சிக்னல் வலிமையின் அளவு) அது கத்துவது போனுக்குக் கேட்கிறது. 12–15 டிபிஎம்மில் போன் பேசுவது அதற்குக் கேட்கவில்லை. போனும் பழைய ஆக்சஸ் பாயின்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 14–17 டிபிஎம், 2.4இல் அதைவிட 6 குறைவு என்று வையுங்கள். பேசுகிற இடமெல்லாம் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் குறையாமல் சிக்னல் வேண்டும். பிறகு, அடுத்த ஆக்சஸ் பாயின்டை போனுக்குக் காட்டிக்கொடுக்கும் 802.11கே, 802.11வி இரண்டையும் போடுங்கள். யூசர்நேம் கொடுத்து நுழையும் எண்டர்பிரைஸ் லாகின் என்றால் வேகமாகத் தாவ உதவும் 802.11ஆர் அவசியம், இல்லாவிட்டால் ஒவ்வொரு தாவலிலும் முழு அங்கீகாரமும் மறுபடி நடக்கும்.

அறிகுறி 7: போனுக்கு பிங் அனுப்பினால் 100 மில்லிசெகண்டுக்கு மேல்

போன் பவர் சேவில் தூங்குகிறது. கோளாறு அல்ல. போனிலிருந்து வெளியே பிங் அனுப்பிப் பாருங்கள், எண் இறங்கிவிடும்.

அறிகுறி 8: திடீரென்று 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு நிமிடம் மறைகிறது

52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் தென்பட்டதாகத் தோன்றினால் ஆக்சஸ் பாயின்ட் 10 நொடிக்குள் விலகியாக வேண்டும். புதிதாகப் போகும் சேனலும் அதே வரம்பில் இருந்தால் 60 நொடி கேட்டுப் பார்த்த பிறகே பேசும். விட்ட சேனலுக்கு 30 நிமிடம் திரும்ப முடியாது. லாகில் ரேடார் என்ற பதிவு இருந்தால் 36–48 அல்லது 149–161க்கு மாறுங்கள். விமான நிலையம், வானிலை ரேடார் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பொய் அலாரம் வரும்.

அறிகுறி 9: ஐபிடிவி ஓடும்போது எல்லோரும் மந்தம்

மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும்) பாக்கெட் பேசிக் ரேட்டில், அக்னாலெட்ஜ்மென்ட் இல்லாமல் போகும். 6 எம்பிபிஎஸ் பேசிக் ரேட்டில் 5 எம்பிபிஎஸ் வீடியோ ஓடினால் சேனலில் வேறெதற்கும் இடமில்லை. கேட்ட கருவிக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கும், மல்டிகாஸ்டை யூனிகாஸ்டாக மாற்றும் விருப்பமும் போடுங்கள். டிவிக்குக் கேபிள் போட முடிந்தால் அதுவே மேல்.

எதிலும் பிடிபடவில்லை என்றால்

பிரச்சினை நடக்கும் மேசையிலேயே, நடக்கும் நேரத்திலேயே மானிட்டர் மோடில் ஐந்து நிமிடம் பிடித்து, ரெட்ரை பிட் (மறு அனுப்பல் என்ற குறி) போட்ட ஃபிரேம்களின் விகிதத்தைப் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் என்றால் வைஃபையை விட்டுவிட்டு அறிகுறி 1க்குத் திரும்புங்கள். 20க்கு மேல் என்றால் யார் மறு அனுப்புகிறார் என்று பிரியுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மட்டும் என்றால் அந்த மேசைக்கு அருகில் மைக்ரோவேவ் அடுப்பு, வயர்லெஸ் கேமரா, யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். யுஎஸ்பி 3 கேபிளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழும், அந்த லேப்டாப்பை 5க்கு மாற்றினால் உடனே தெரிந்துவிடும். கருவி மட்டும் என்றால் ஆக்சஸ் பாயின்டை நெருங்கி அதே சோதனையைச் செய்யுங்கள். பக்கத்திலும் குறையவில்லை என்றால் டிரைவரை அப்டேட் செய்யுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் அந்த லேப்டாப்பின் ஆன்டெனா வயரைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும்.